பையில் கிடந்த கடிதம்

(திண்டுக்கல்லில் தொண்டு நிறுவனப் பொறுப்பாளர்களுக்காக நடந்த பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியற்காலை பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். வத்தலகுண்டிலிருந்தும் நத்தத்திலிருந்தும் சிலர் வந்திருக்கிறீர்கள். இரண்டு பேர் கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கி வந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் மேடை ஏறுவதற்குள் முன்வரிசையில் மூன்று பேருடைய செல்பேசி அதிர்ந்துவிட்டது. வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள், தப்பில்லை. விடுதியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த அழைப்பை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்ததும் உங்களை நீங்களே ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்த அழைப்புக்கு நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டுமா? இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது நான் ஒரு சிறிய அறக்கட்டளைக்குப் பொறுப்பாளன். எங்கள் மாலை வகுப்பில் படித்த ஒரு பெண் பிளஸ் டூ முடித்து, நர்சிங் படிக்க இடமும் வாங்கிவிட்டாள். கட்டணத்தைக் கட்ட ஒரு தரும நிதி முன்வந்தது. அதற்கு வருமானச் சான்றிதழும், எங்கள் அறக்கட்டளையின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். அவளுடைய அம்மா களையெடுப்புக்குப் போகிறவர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். நான் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். "சரிம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்று வாங்கி ஜோல்னாப் பையில் வைத்தேன். அன்று இரவே சென்னைக்குப் போனேன், பிறகு மதுரையில் ஒரு பயிற்சி, பிறகு ஆடிட்டர் அலுவலகம். பதினோரு நாள் கழித்துப் பையைத் துழாவியபோது பஸ் டிக்கெட்டுகளுக்கு நடுவே அந்த உறை கைக்கு வந்தது. கடைசித் தேதி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "பரவாயில்ல சார், நீங்க ஒரு ஆளா எத்தன வேலையத்தான் பாப்பீங்க" என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. அந்த வருஷம் அந்தப் பெண் நூற்பாலைக்கு வேலைக்குப் போனாள். அடுத்த ஆண்டு எப்படியோ சேர்த்துவிட்டோம். ஆனாலும் ஓர் ஆண்டு போனது போனதுதான்.

நேரம் இல்லாததால் இது நடந்தது என்றுதான் அப்போது எல்லாரிடமும் சொன்னேன், நானும் அப்படியே நம்பினேன். யோசித்துப் பார்த்தால் அது உண்மையில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிடம் போதும். பதினோரு நாளில் ஒரு நிமிடம் கிடைக்காத மனிதர் யாருமில்லை. அந்தக் காகிதம் வந்திருக்கிறது என்பது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அங்கேதான் தவறு. அலுவலகத்தில் தபால் பதிவேட்டில் ஒரு வரி ஏறியிருந்தால், 'இன்ன பெண், இன்ன கடிதம், கடைசித் தேதி இன்னது' என்று எழுதியிருந்தால், எங்கள் அலுவலக உதவியாளரே என்னைத் துரத்திப் பிடித்துக் கையெழுத்து வாங்கியிருப்பார். நேரம் போதவில்லை என்று நாம் சொல்கிற பத்து இடங்களில் எட்டு இடங்களில் உண்மையான குறை இதுதான்: தகவல் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அது தலைவருடைய தலையில் இருக்கிறது, அவருடைய பையில் இருக்கிறது, இப்போது அவருடைய செல்பேசியில் இருக்கிறது.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு இரண்டு வாரம் ஒரு சின்ன நோட்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன். நேரம் எங்கே போகிறது என்பதை முதலில் எழுதிப் பார், அதன் பிறகு திட்டம் போடு என்று பீட்டர் டிரக்கர் என்ற நிர்வாகவியல் அறிஞர் 1967-லேயே சொன்னார். தொண்டு நிறுவனங்களை நடத்துவது பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதியவர் அவர். அந்த யோசனையைத்தான் செய்து பார்த்தேன். யார் வந்து "ஒரு நிமிஷம் சார்" என்றாலும் என்ன கேட்டார்கள் என்று ஒரு வரி குறித்தேன்.

இரண்டு வாரம் முடிந்து நோட்டைப் புரட்டினால், பெரிய முடிவு எடுக்க வேண்டிய கேள்விகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டன. மற்றதெல்லாம் என்ன தெரியுமா? "பீரோ சாவி எங்க சார்?" "போன வருஷம் அந்த ஊர்ல எத்தனை தையல் மிஷின் கொடுத்தோம்?" "பஞ்சாயத்துத் தலைவர் நம்பர் இருக்கா?" "வேன்காரருக்கு கிலோமீட்டருக்கு எவ்வளவு பேசியிருக்கோம்?" இவற்றுக்கெல்லாம் பதில் எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் எல்லாரும் என்னிடம் வந்தார்கள். என் நாளை நானே துண்டு துண்டாக வெட்டிவிட்டு, யாரோ வெட்டுகிறார்கள் என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள நிலைமை இல்லை. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் ஐந்து நிறுவனத் தலைவர்களுடன் ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து, அவர்கள் செய்வதையெல்லாம் குறித்தார். 1973-இல் அது நூலாக வந்தது. அந்த ஐந்து பேரில் ஒருவர் மருத்துவமனையை நடத்தியவர், இன்னொருவர் பள்ளிகளின் நிர்வாகத்துக்குத் தலைவர். அவர்கள் செய்த வேலைகளில் பாதி ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துவிட்டவை. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து செய்தது பத்தில் ஒன்றுதான். செல்பேசி வருவதற்கு எவ்வளவோ காலம் முந்திய கணக்கு இது. ஆகவே வாட்ஸ்அப் வந்துதான் நம்மைக் கெடுத்தது என்று பழியைத் தூக்கி அதன்மேல் போட முடியாது.

ஆனால் நம்முடைய பாடு மற்றவர்களுடையதைவிடக் கடினம். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கம்பெனி மேலாளருக்குக் கணக்குக்கு ஒரு பிரிவு, ஆட்களைப் பார்க்க ஒரு பிரிவு என்று இருக்கும். நமக்கு? வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020-இல் திருத்தியபோது, நிர்வாகச் செலவுக்கான உச்ச வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். கணக்காளர், அலுவலக உதவியாளர், வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதன் விளைவைச் சிறிய அமைப்புகளில் கண்ணால் பார்க்கிறோம். பட்டுவாடா ரசீதை ஒட்டுவது, ஸ்கேன் எடுப்பது, எக்செல் நிரப்புவது எல்லாம் தலைவருடைய தலையில் வந்து விழுந்திருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த அவையில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் பாதிப் பேர் தூக்குவீர்கள். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் பணம் வீண் பணம் என்ற எண்ணம் தவறானது. நன்கொடை தருகிறவர்களிடம் நாம் இதைத் தயங்காமல் பேச வேண்டும்.

இன்னொரு சுமை, நன்கொடையாளருக்கு ஒரு படிவம் என்ற வழக்கம். ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்பார், இன்னொருவர் ஆறு மாதத்துக்கு. ஒருவருக்கு ஏப்ரலில் ஆண்டு தொடங்கும், இன்னொருவருக்கு ஜனவரியில். ஒருவர் 14 வயதுக்கு உட்பட்டவர்கள் எத்தனை பேர் என்பார், இன்னொருவர் 18 வயது வரை என்பார். மாலை வகுப்பில் இருப்பதோ அதே நாற்பது பிள்ளைகள். ஒவ்வொரு தடவையும் களப்பணியாளர் வீடு வீடாகப் போய்த் திரும்ப எண்ணிக்கொண்டு வருகிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இங்கே மிச்சப்படுத்தக்கூடிய நேரம் மிகப் பெரியது. ஒரே ஒரு அடிப்படைப் பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். அதில் வயதை எழுதாதீர்கள், பிறந்த தேதியை எழுதுங்கள். வயது அடுத்த ஆண்டு பொய்யாகிவிடும். பிறந்த தேதி ஆயுள் முழுக்க மெய்யாக இருக்கும். 'ஏழாம் வகுப்பு' என்று மட்டும் எழுதாமல், எந்த ஆண்டு, எந்தத் தேதியில் நம்மிடம் சேர்ந்தது என்று எழுதுங்கள். ஊர் பெயரோடு தெருவையும் ஊராட்சியையும் எழுதுங்கள். அப்புறம் பெயர். நம் பக்கத்தில் ஒரே பிள்ளைக்கு ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், ரேஷன் அட்டையில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. முன்னெழுத்து ஓர் இடத்தில் முன்னால், இன்னோர் இடத்தில் பின்னால். ஒரே பஞ்சாயத்தில் ஆறு முத்துலட்சுமி இருப்பார்கள். ஆகவே சேர்ந்த நாளிலேயே பிள்ளைக்கு ஒரு வரிசை எண் கொடுத்துவிடுங்கள். விடுதிப் பதிவேடு, மருத்துவ முகாம் சீட்டு, உதவித்தொகை ரசீது எல்லாவற்றிலும் அதே எண். இவ்வளவும் ஒரு தடவை சரியாக ஏறிவிட்டால், நான்கு நன்கொடையாளர் என்ன, நாற்பது பேர் கேட்டாலும் உட்கார்ந்த இடத்தில் பதில் எடுக்கலாம். இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். எங்களுடையது முதல் ஆறு ஆண்டு கோடு போட்ட லெட்ஜர் நோட்டாகத்தான் இருந்தது.

தகவலை ஒழுங்காக வைப்பதைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்னவர் நம் சீர்காழிக்காரர். எஸ். ஆர். ரங்கநாதன் 1892-இல் அங்கே பிறந்தார். கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் நூலகவியலுக்கு வகுத்துத் தந்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. கவனியுங்கள், நூலகரின் நேரத்தை அவர் சொல்லவில்லை. வந்து கேட்கிறவரின் நேரம். நூலகத்தில் அலமாரியை எப்படி வைப்பது, பட்டியலை எப்படி எழுதுவது என்பதெல்லாம் அந்த ஒன்றிலிருந்து பிறக்கிறது.

இந்த விதியை நாம் நம் அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம். நேர நிர்வாகம் என்றாலே தலைவருடைய நேரத்தைக் காப்பாற்றுவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முதியோர் ஓய்வூதியத்துக்கு மனு எழுதித் தரச் சொல்லி வருகிற பாட்டி எத்தனை தடவை நடக்கிறார் என்று நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? அவருடைய ஆதார் நகலைப் போன மாதமே வாங்கி வைத்துக்கொண்டு, இப்போது தேடிக் கிடைக்காமல், "இன்னொன்னு எடுத்துட்டு வாங்க பாட்டி" என்று திருப்பி அனுப்புகிறோமே, பஸ் செலவு அவருடையது, கால்வலியும் அவருடையது. நம்முடைய ஒழுங்கின்மைக்கான விலையை எப்போதும் நம்மைவிட இல்லாதவர்கள்தான் கொடுக்கிறார்கள். இந்தத் துறையில் கோப்பை ஒழுங்காக வைப்பதும் ஒரு தொண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

கோப்புக்குப் பெயர் வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் 'ஸ்கேன் 0047' என்றும் 'புதிய கடிதம்' என்றும் நூறு கிடக்கும். ஆண்டு, மாதம், பொருள், ஊர் என்று இந்த வரிசையில் ஒரே மாதிரி எழுதினால் போதும். '2024-07 மருத்துவ முகாம் சாணார்பட்டி' என்று இருந்தால், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட எடுத்துக் கொடுப்பார். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தலைவரைக் கேட்காமல் கண்டுபிடிக்க முடிகிறதா? உங்கள் அலுவலகத்தை அளந்து பார்க்க அந்தக் கேள்வி போதும்.

இனி தேதிகள். சட்டம் நமக்குக் கொடுத்திருக்கும் நாள்களில் திடீரென்று வருவது எதுவும் இல்லை. 80ஜி ரசீது கொடுக்கிற அமைப்புகள் நன்கொடை விவரத்தை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் ஏற்ற வேண்டும். தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30. வருமான வரிக் கணக்கு அக்டோபர் 31. வெளிநாட்டு நன்கொடை பெறுகிறவர்கள் எஃப்சி-4 ஆண்டறிக்கையை டிசம்பர் 31-க்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. சங்கமாகப் பதிந்தவர்களுக்கு 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்குழுவும், பதிவாளரிடம் தாக்கலும் தனி. வருமான வரியைப் பொறுத்தவரை, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாம் பழகிய தேதிகளைத்தான் சொன்னேன். அதன் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்திருப்பதால் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் மாறும். உங்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலைத் தினக் காலண்டருக்குப் பக்கத்தில், எல்லார் கண்ணிலும் படுகிற சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் நாற்பது நாள் முன்பாக ஒரு கோடு போடுங்கள். வேலை தொடங்க வேண்டிய நாள் அதுதான்.

தேதி தெரிந்தும் நாங்கள் ஒருமுறை தவறவிட்டோம். அதையும் சொல்கிறேன், உங்களில் பலருக்கு இது நடக்கப்போகிறது. மே மாதக் கடைசி வாரம். விவரமெல்லாம் தயார். இணையதளத்தில் ஏற்றப் போனால் கடவுச்சொல் ஏற்கவில்லை. மாற்ற வேண்டும் என்றால் பதிவான செல்பேசிக்கு ஓடிபி வரும். பதிவான எண் எங்கள் முன்னாள் பொருளாளருடையது. அவர் மகனோடு இருக்க வெளிநாடு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த சிம் இங்கே அவர் வீட்டு மேசை டிராயரில், ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தது. வீட்டுச் சாவி அவர் மைத்துனரிடம், மைத்துனர் திருச்செந்தூரில். எல்லாம் முடிந்து ஏற்றியபோது ஆறு நாள் தாமதம். நாளுக்கு 200 ரூபாய் வீதம் 1,200 ரூபாய். இந்தத் தொகையை எந்தத் திட்டக் கணக்கிலும் எழுத மனம் வரவில்லை. அறங்காவலர்கள் கையிலிருந்து போட்டோம்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். நிர்வாகிகள் மாறினால், தீர்மானப் புத்தகத்தில் பெயர் மாறும் அதே நாளில், வங்கி, வருமான வரி, பதிவுத் துறை எல்லாவற்றிலும் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் மாற வேண்டும். தனி ஆள் எண்ணைக் கொடுப்பதில்லை. அமைப்பின் பெயரில் ஒரு சிம், அலுவலகத்திலேயே ஒரு சாதாரண செல்பேசி. டிஜிட்டல் கையெழுத்துக் கருவி யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்பதும் அதே சுவர்ப் பட்டியலில் இருக்கும். கடவுச்சொற்கள் மூடி முத்திரை வைத்த உறையில், இரண்டு அறங்காவலர் கையெழுத்தோடு பீரோவில் இருக்கும். நாளை காலை எனக்கு ஏதாவது ஆனால், மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் சுண்டல் கிடைக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

தலைவர் மட்டுமே செய்ய வேண்டியது எது? இதற்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைவிடத் தெளிவான பதிலை நான் எங்கும் பார்த்ததில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன மனிதர். அங்கே அறுவை அரங்கில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் இருக்கும். ஒரு மேசையில் அவர் கண்புரையை அகற்றிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைப் படுக்க வைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, கருவிகளை அடுக்கித் தயாராக வைத்திருப்பார்கள். முதல் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கியை இந்தப் பக்கம் திருப்பினால் போதும். தயார்செய்கிற அந்தக் கைகள் யாருடையவை? பெரும்பாலும் கிராமத்துப் பள்ளிகளில் படித்து முடித்து, அங்கேயே பயிற்சி பெற்ற இளம்பெண்களுடையவை. மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மருத்துவர் செய்கிறார். மற்றதையெல்லாம் நன்றாகப் பழகியவர்கள் செய்கிறார்கள், அதை அவரைவிட நன்றாகவே செய்கிறார்கள். மிச்சமான நேரம் கட்டணம் கட்ட முடியாத இன்னொரு கண்ணுக்குப் போகிறது.

நம்மில் பலர் வேலையைப் பகிர்ந்து கொடுக்கத் தயங்குவது பணியாளர்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. "அவங்களே பாவம், அவங்களுக்கும் வேலை இருக்கு" என்ற இரக்கம்தான். அந்த இரக்கம் அவர்களை வளர விடாது. எங்களிடம் களப்பணியாளராக வந்த ஒரு பெண், ஐநூறு ரூபாய் வரை செலவுக்குத் தானே ஒப்புதல் தரலாம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்த பிறகு, நான் ஒருநாளும் யோசிக்காத இடங்களில் சிக்கனம் பிடித்தார். எழுதிக் கொடுத்தோம் என்பது முக்கியம். வாயால் "நீங்களே பார்த்துக்கோங்க" என்று சொன்னால், அவர் நம்மைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

சரி, எல்லாவற்றையும் பகிர்ந்துவிட்ட பிறகும் நமக்கு அடைத்த கதவு கொஞ்ச நேரம் வேண்டும். யோசிக்க, எழுத, கணக்கைப் படித்துப் பார்க்க. மனசு கேட்காது. தூரத்திலிருந்து நடந்து வந்தவரைக் காக்க வைப்பதா என்று தோன்றும். காந்தி திங்கட்கிழமைகளில் மௌனம் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அகில இந்திய நூற்போர் சங்கம், ஹரிஜன சேவா சங்கம், கிராமக் கைத்தொழில் சங்கம் என்று அவர் தொடங்கி வைத்த அமைப்புகளை எண்ணினால், நம் எல்லாரையும்விட வேலை மிகுந்தவர் அவர். 1947 ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. பிரிவினைத் திட்டத்தைப் பற்றிப் பேச மௌண்ட்பேட்டனைப் பார்க்கப் போனார். வாய் திறக்கவில்லை. பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார். அதில் ஒரு செய்தி நமக்கு முக்கியம். மௌனத்தை ஏற்றபோதே இரண்டு விலக்குகளை வைத்துக்கொண்டதாக எழுதினார்: உயர் பொறுப்பில் இருப்பவர்களோடு அவசரமான காரியம் ஒன்று, நோயாளிகளைக் கவனிப்பது இன்னொன்று. அன்று அந்த விலக்கைக்கூட அவர் பயன்படுத்தவில்லை.

விலக்குகளை முன்கூட்டியே சொல்லிவிடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. காலை ஏழு முதல் எட்டரை வரை கதவு அடைத்திருக்கும் என்று அறிவியுங்கள். கூடவே, குழந்தைக்கு ஆபத்து என்றால் தட்டலாம், மருத்துவமனை என்றால் தட்டலாம் என்றும் சொல்லிவிடுங்கள். வேறு எதற்கும் தட்டுவதில்லை. எங்கள் அலுவலகத்தில் இதைச் சொன்ன முதல் வாரம் எல்லாரும் சங்கடப்பட்டார்கள். மூன்றாவது வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவர்களுடைய வேலையும் ஓடத் தொடங்கிவிட்டது.

தகவல் ஒரே இடத்தில் சேரவில்லை என்றால் எவ்வளவு பெரிய நல்லெண்ணமும் எப்படி வீணாகும் என்பதை நான் நாகப்பட்டினத்தில் பார்த்தேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகச் சாமான்கள் வந்தன. சாலையோரம் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்தன; மக்கள் அவற்றைத் தொடவே இல்லை. உழைத்துச் சாப்பிட்ட கடலோர மக்களுக்குப் பிறர் கழித்துப்போட்ட துணி மானக்கேடாக இருந்தது. சாலைக்கு அருகில் இருந்த ஊருக்கு ஐந்து அமைப்புகள் போயின. உள்ளே இருந்த ஊருக்கு யாரும் போகவில்லை. அந்த நேரத்தில் மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ், சினேகா போன்ற அமைப்புகள் முன்னின்று ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. எந்தக் குப்பத்தில் என்ன தேவை, எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது என்பதை ஒரே இடத்தில் திரட்டி, வருகிறவர்களுக்குச் சொன்னார்கள். அரிசி மூட்டை தூக்காத, படகு கட்டாத வேலை அது. ஆனால் அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களால்தான் பல ஊர்களுக்கு உதவி போய்ச் சேர்ந்தது. பேரிடர் வந்த பிறகு பட்டியல் எழுத உட்காரக் கூடாது என்ற பாடத்தோடு நான் ஊர் திரும்பினேன்.

வாட்ஸ்அப் பற்றிச் சொல்லாமல் போனால் விடமாட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். குழுவில் வந்தது தகவல் ஆகாது. பதிவேட்டில் ஏறினால்தான் தகவல். களத்திலிருந்து வருகிற குரல் பதிவை அன்று மாலைக்குள் ஒருவர் கேட்டு, இரண்டு வரி எழுத வேண்டும். யார் எழுதுவது என்பதை வாரம் ஒருவராக முறை வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலை ஒருநாளில் இரண்டு தடவை திறந்தால் போதும்.

ஆனால் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. நம் செல்பேசிகளில் இருக்கும் பிள்ளைகளின் படங்கள். அடிபட்டு மீட்கப்பட்ட குழந்தை, குழந்தைத் திருமணத்திலிருந்து தப்பி வந்த சிறுமி, ஆதார் நகல், மருத்துவச் சீட்டு எல்லாம் குடும்பப் புகைப்படத்தோடு கலந்து கிடக்கின்றன. வீட்டில் பேரப்பிள்ளை அதே செல்பேசியை எடுத்து விளையாடுகிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். போக்சோ சட்டத்திலும் அப்படியே. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே 2023-இல் சட்டம் வந்துவிட்டது. சட்டத்தை விடுங்கள். அந்தத் தாய் நம்மிடம் சொன்னது நம்மை நம்பிச் சொன்னது. தேவை முடிந்த தகவலை அழிப்பதும் தகவல் நிர்வாகம்தான். எல்லாவற்றையும் சேர்த்து வைப்பவர் நல்ல நிர்வாகி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இவ்வளவும் செய்து மிச்சமாகிற நேரத்தை என்ன செய்வது? இன்னொரு திட்டம் எழுதப் போகாதீர்கள். ஊருக்குப் போங்கள். கேள்வித்தாள் இல்லாமல், படம் எடுக்காமல், அந்தத் திண்ணையில் உட்காருங்கள். ஒரு கிழவி தன் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினால் அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைக் குறைக்க எந்த வழியும் இல்லை, குறைக்கவும் கூடாது. நாம் இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான்.

உணவு இடைவேளை ஆகிவிட்டது, முடிக்கிறேன். இன்று இரவு வீடு திரும்பியதும் உங்கள் பையைத் தரையில் கொட்டிப் பாருங்கள். செல்பேசியில் பதில் போடாமல் நிற்கும் செய்திகளையும் பாருங்கள். அங்கே வேறொருவருடைய காகிதம் இருக்கும். ஒரு சான்றிதழோ, ஒரு மனுவோ, கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஒரு கடிதமோ. நாளைக் காலை அலுவலகம் திறந்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன், அதைப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதி உரியவர் கையில் சேர்த்துவிடுங்கள்.